கைவிடப்பட்ட யுரேனியம் சுரங்கங்களும் நியூ மெக்சிகோவின் 2022-ஆம் ஆண்டுச் சட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தென்மேற்கில், அணு ஆயுதப் போட்டிக் காலத்தில் தோண்டப்பட்டு, பின்னர் மூடாமலேயே விடப்பட்ட யுரேனியம் சுரங்கங்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. அவற்றைச் சுத்தம் செய்யும் பணியை ஒழுங்குபடுத்துவதற்காக நியூ மெக்சிகோ மாநிலம் 2022-இல் தனிச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தைப் பற்றியும் அதற்குப் பின்னால் இருக்கும் சிக்கல்களைப் பற்றியும் வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

கைவிடப்பட்ட சுரங்கம் என்று எதைச் சொல்கிறார்கள்?

வேலை நின்றுபோன எல்லாச் சுரங்கமும் கைவிடப்பட்ட சுரங்கம் ஆகிவிடாது. தாது எடுப்பது நின்று, சீரமைப்பு நடக்காமல், அதைச் செய்ய வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதும் தெளிவில்லாமல் கிடப்பதைத்தான் அப்படி அழைக்கிறார்கள். தோண்டிய நிறுவனம் கலைக்கப்பட்டிருக்கலாம், வேறு நிறுவனத்தோடு இணைந்திருக்கலாம், அல்லது குத்தகைப் பத்திரத்தில் ஒரு பெயராக மட்டும் எஞ்சியிருக்கலாம். நியூ மெக்சிகோவில் உற்பத்தி நடந்ததாகப் பதிவு உள்ள பழைய யுரேனியம் சுரங்கங்கள் சுமார் 260. அவற்றுள் ஏறத்தாழ பாதியில் எந்தச் சீரமைப்பும் நடந்ததற்கான பதிவே இல்லை.

இந்த 260-இல் எல்லாமே பெரிய சுரங்கங்கள் அல்ல. சில, இரண்டு மூன்று பேர் மலைச்சரிவில் குடைந்துவிட்டுப் போன சிறு பொந்துகள். வேறு சில, லகுனா புவெப்லோ பழங்குடியினரின் நிலத்தில் உள்ள ஜாக்பைல் சுரங்கத்தைப் போல, ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய திறந்தவெளி யுரேனியம் சுரங்கங்களுள் எண்ணப்பட்டவை.

இவ்வளவு சுரங்கங்கள் எப்படி வந்தன?

வாங்குபவர் ஒருவரே, அவரும் அரசு என்பதால் வந்தன. 1947 முதல் 1970 வரை அமெரிக்க அணுசக்தி ஆணையம் ஆயுதத் தேவைக்காக உள்நாட்டு யுரேனியத்தை நிலையான விலைக்கு வாங்கியது. அந்த ஆணையத்துக்குத் தாது கொடுத்த சுரங்கங்கள் நாடு முழுவதிலும் 4,225 என்று எரிசக்தித் துறை 2014-இல் நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கை கணக்கிட்டது. 1950-இல் ஹேஸ்டாக் குன்றுக்கு அருகே பேடி மார்ட்டினெஸ் என்ற நவாஹோ பழங்குடி ஆட்டு மேய்ப்பர் யுரேனியத் தாதுவைக் கண்டறிந்ததும், நியூ மெக்சிகோவின் கிராண்ட்ஸ் வட்டாரம் நாட்டின் முதன்மையான யுரேனியப் பகுதியாக மாறியது. நியூ மெக்சிகோ, அரிசோனா, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்திருக்கும் நவாஹோ தேசத்தின் நிலத்திலிருந்து மட்டும் 1944-க்கும் 1986-க்கும் இடையே ஏறத்தாழ 3 கோடி டன் தாது எடுக்கப்பட்டது. அங்கே 500-க்கும் மேற்பட்ட கைவிடப்பட்ட சுரங்கங்கள் உள்ளன. நவாஹோ மொழியில் யுரேனியத்துக்கு 'லீட்ஸோ' என்று பெயர். மஞ்சள் மண் என்பது அதன் பொருள்.

யுரேனியத்தை எடுத்துவிட்ட பிறகு அங்கே ஆபத்து எப்படி மிஞ்சும்?

தாதுவை எடுத்துச் சென்றார்கள், ஆனால் தாது அளவுக்குச் செறிவில்லாத பாறையை வெளியே கொட்டிவிட்டுப் போனார்கள். அந்தக் கழிவுப் பாறையில் யுரேனியமும், அது சிதைவதால் உண்டாகும் ரேடியமும் இருக்கின்றன. ரேடியம்-226-இன் அரை ஆயுட்காலம் சுமார் 1,600 ஆண்டுகள். அது சிதையும்போது ரேடான் என்னும் நிறமற்ற, மணமற்ற வாயு வெளியாகிறது. நிலத்தடிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் புற்றுநோயைக் கொண்டுவந்தது அந்த வாயுவும் அதன் சிதைவுப் பொருள்களும்தான். இன்று அதே வாயு, கழிவுக் குவியலின் மேல் கட்டப்பட்ட வீட்டுக்குள்ளும் தங்குகிறது. நவாஹோ மக்களில் சிலர், கையருகே கிடைத்த சுரங்கக் கற்களை அவை என்னவென்று தெரியாமல் சுவருக்கும் தரைக்கும் பயன்படுத்தியிருந்தார்கள். அப்படிப்பட்ட வீடுகளைப் பிற்காலத்தில் இடித்து அகற்ற வேண்டியதாயிற்று.

குவியலிலிருந்து காற்று தூசியை எடுத்துச் செல்கிறது, மழை மண்ணை ஓடைக்கு இழுத்துச் செல்கிறது. யுரேனியம் கதிர்வீச்சால் மட்டுமன்றி ஒரு கன உலோகமாகவும் கெடுதல் செய்வது, குறிப்பாகச் சிறுநீரகத்துக்கு. குடிநீரில் அதன் அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க விதி. ஆனால் அந்த விதி பொதுக் குடிநீர் வழங்கலுக்குத்தான் பொருந்துமே தவிர, கால்நடைக்காகத் தோண்டப்பட்டுப் பிறகு மனிதர்களும் குடித்துவந்த தனிக் கிணறுகளை அது எட்டுவதில்லை.

1979-இல் நடந்த சர்ச் ராக் விபத்தும் இதோடு சேர்ந்ததா?

ஒரே நிலப்பரப்பு, ஒரே தொழில். ஆனால் சட்டத்தின் பார்வையில் அது வேறு வகை. சுரங்கத்திலிருந்து வரும் கழிவுப் பாறை ஒன்று, தாதுவை அரைத்து அமிலத்தில் கரைத்து யுரேனியத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் ஆலைக் கழிவு இன்னொன்று. 1979 ஜூலை 16 அன்று சர்ச் ராக்கில் யுனைடெட் நியூக்ளியர் நிறுவனத்தின் ஆலைக் கழிவு அணை உடைந்து, 1,100 டன் திடக் கழிவும் ஏறத்தாழ 35 கோடி லிட்டர் அமிலக் கழிவு நீரும் புவெர்கோ ஆற்றில் கலந்தன. அளவை மட்டும் வைத்துப் பார்த்தால், அமெரிக்க வரலாற்றில் கதிரியக்கப் பொருள் வெளியேறிய விபத்துகளில் அதுவே மிகப் பெரியது. அதே ஆண்டு மார்ச் மாதம் நடந்த மூன்று மைல் தீவு அணு உலை விபத்தை உலகமே அறியும். ஆட்டு மந்தைகள் தண்ணீர் குடிக்க இறங்கும் ஓர் ஆற்றில் நடந்ததைக் கேட்டறிந்தவர்கள் குறைவு.

சுரங்கத்தையும் ஆலையையும் பிரிக்கும் இந்தக் கோட்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் அடுத்த கேள்விக்கான விடை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

கூட்டாட்சி அரசின் சட்டங்கள் இருக்கும்போது மாநிலச் சட்டம் எதற்கு?

கூட்டாட்சிச் சட்டங்கள் பல இருக்கின்றன, ஒவ்வொன்றும் பிரச்சினையின் ஒரு பகுதியைத் தொட்டுவிட்டு நின்றுவிடுகிறது. 1872-ஆம் ஆண்டின் பொதுச் சுரங்கச் சட்டம், பொது நிலத்தில் யார் வேண்டுமானாலும் கனிமம் தேடலாம் என்று உரிமை கொடுத்தது, ஆனால் தோண்டிய இடத்தைச் சீர்செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. 1977-ஆம் ஆண்டுச் சட்டம், எடுக்கப்படும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் கட்டணம் வாங்கிப் பழைய நிலக்கரிச் சுரங்கங்களைச் சீரமைக்க ஒரு நிதியத்தை உருவாக்கியது. நிலக்கரிப் பணிகளை முடித்துவிட்டதாகச் சான்று பெற்ற மாநிலங்களும் பழங்குடி அரசுகளும் அந்தப் பணத்தை மற்றச் சுரங்கங்களுக்கும் செலவிடலாம். வயோமிங் மாநிலம் அந்த வழியில்தான் கேஸ் ஹில்ஸ் பகுதியின் பழைய யுரேனியம் குழிகளைச் சீரமைத்தது. நவாஹோ தேசமும் அதே வழியில் பல சுரங்க வாய்களை அடைத்தது. ஆனால் வாயை அடைப்பது ஆள் விழாமல் தடுக்குமே ஒழிய, வெளியே கிடக்கும் குவியலின் கதிரியக்கத்தைத் தடுக்காது.

1978-ஆம் ஆண்டின் யுரேனியம் ஆலைக் கழிவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் பெயருக்கேற்ப ஆலைக் கழிவை மட்டும் எடுத்துக்கொண்டது. அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் அதிகாரமும் ஆலையில்தான் தொடங்குகிறது, வழக்கமான முறையில் தோண்டப்படும் சுரங்கம் அதற்குள் வராது. ஆகவே வேலியின் ஒரு பக்கம் கிடக்கும் மண்ணுக்கு விரிவான கூட்டாட்சி விதிகளும், மறுபக்கம் கிடக்கும் அதே வகை ஆபத்துள்ள மண்ணுக்கு ஏதுமில்லாத நிலையும் ஏற்பட்டன. மாசடைந்த இடங்களைச் சுத்தம் செய்வதற்காக 1980-இல் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டம் சுரங்கங்களுக்கும் பொருந்தும் என்பது உண்மைதான். ஆனால் அது மிக மோசமான இடங்களுக்கு முன்னுரிமை கொடுப்பது, மெதுவாக நகர்வது, பொறுப்பாளியைத் தேடிப் பிடிப்பதில் பல ஆண்டுகளைச் செலவிடுவது. ஜாக்பைல் சுரங்கம் 1982-இல் மூடப்பட்டது, சூப்பர்ஃபண்ட் முன்னுரிமைப் பட்டியலில் அது சேர்ந்தது 2013-இல்.

இந்திய வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படலாம். நம் நாட்டில் யுரேனியச் சுரங்கம் முழுக்க மத்திய அரசின் கையில் இருப்பதால், இதில் மாநிலச் சட்டத்துக்கு என்ன வேலை என்று தோன்றுவது இயல்பு. அமெரிக்காவில் தோண்டியவை தனியார் நிறுவனங்கள். தனியார் நிலம், மாநில நிலம், கூட்டாட்சி நிலம், பழங்குடி நிலம் ஆகிய நான்கும் கிராண்ட்ஸ் வட்டாரத்தில் சதுரங்கக் கட்டங்களைப் போல அடுத்தடுத்துக் கிடக்கின்றன.

மாநிலத்திடம் சுரங்கச் சட்டம் ஏற்கெனவே இருந்ததே?

இருந்தது. 1993-இல் இயற்றப்பட்ட நியூ மெக்சிகோ சுரங்கச் சட்டம், சுரங்கம் நடத்துபவர் சீரமைப்புத் திட்டத்தையும் அதற்கான உத்தரவாதத் தொகையையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் பழைய சுரங்கங்களைப் பொறுத்தவரை, 1970-க்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது விற்பனைக்குரிய கனிமத்தை எடுத்தவற்றுக்குத்தான் அது பொருந்தும். அணுசக்தி ஆணையம் வாங்குவதை நிறுத்திய ஆண்டும் 1970-தான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், ஆயுதத்துக்காகத் தோண்டப்பட்ட சுரங்கங்களில் பெரும்பகுதி இந்தச் சட்டத்தின் வாசலிலேயே நின்றுவிட்டதன் காரணம் விளங்கும்.

2022-ஆம் ஆண்டுச் சட்டம் என்ன செய்கிறது?

'ஹவுஸ் பில் 164' என்ற எண்ணில் கொண்டுவரப்பட்ட அந்த மசோதாவில் ஆளுநர் மிஷெல் லுஹான் கிரிஷம் கையெழுத்திட்டுச் சட்டமாக்கினார். அதன் உள்ளடக்கம் ஆரவாரம் இல்லாதது. மாநிலச் சுற்றுச்சூழல் துறையும் எரிசக்தி, கனிம, இயற்கை வளத் துறையும் பழைய யுரேனியம் சுரங்கங்கள், ஆலைகள் ஆகியவற்றின் சீரமைப்பில் ஒருங்கிணைந்து செயல்பட வேண்டும். அதற்கென ஒரு செயல்திட்டம் வகுக்க வேண்டும். பழங்குடி அரசுகளோடும் கூட்டாட்சி அமைப்புகளோடும் கலந்து பேச வேண்டும். நடந்தது என்ன என்று சட்டமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். இவற்றோடு, சீரமைப்புக்கென ஒரு சுழல் நிதியமும் உருவாக்கப்பட்டது.

ஒருங்கிணைப்பு என்ற சொல்லைக் கேட்டால் பலருக்குச் சலிப்பு வரும். ஆனால் இங்கே அது வெறும் அலுவலகச் சொல் அல்ல. ஒரு குவியலின் பாதி ஒருவர் நிலத்திலும் மீதி இன்னொருவர் நிலத்திலும் கிடக்கும்போது, கூட்டாட்சி அரசின் எரிசக்தித் துறை ஒரு பட்டியலையும், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வேறொரு பட்டியலையும், நில நிர்வாகப் பணியகம் மூன்றாவது பட்டியலையும் வைத்திருக்கும்போது, 'இந்தச் சுரங்கம் யாருடைய கணக்கில் இருக்கிறது' என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை நியமிக்கும் கடமையை மாநிலத்தின் மேல் சுமத்தியதுதான் இந்தச் சட்டத்தின் உண்மையான பயன் என்பது இதை எழுதுபவரின் கருத்து.

அப்படியானால் பணம்?

நிதியம் ஒன்றைத் தொடங்குவது வேறு, அதில் பணம் போடுவது வேறு. உண்டியல் வாங்கி வைத்தாயிற்று, காசு போடுவது ஒவ்வோர் ஆண்டும் சட்டமன்றத்தின் விருப்பம் என்ற நிலைதான் முதலில் இருந்தது. 2025-இல் சட்டமன்றம் ஒதுக்கிய தொகையைக் கொண்டே, பொறுப்பாளி எவரும் மிஞ்சாத சில சுரங்கங்களில் மாநிலம் தானே வேலையில் இறங்க வழி பிறந்தது.

பெரும்பணம் வந்த இடம் நீதிமன்றம். யுரேனியம் தோண்டிய கெர்-மெக்கீ நிறுவனம் தன் பழைய மாசுப் பொறுப்புகளை எல்லாம் டிரோனாக்ஸ் என்ற தனி நிறுவனத்தின் தலையில் கட்டிப் பிரித்துவிட்டது, டிரோனாக்ஸ் திவாலானது, லாபகரமான பகுதியோ அனடார்கோ நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. பொறுப்பைத் தட்டிக் கழிக்கவே அந்தப் பிரிவினை நடந்தது என்ற வழக்கில் 2014-இல் 515 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டு, அதில் ஏறத்தாழ 100 கோடி டாலர் நவாஹோ தேசத்திலும் அதைச் சுற்றியும் உள்ள சுமார் 50 சுரங்கங்களின் சீரமைப்புக்கு ஒதுக்கப்பட்டது. ஒரு சுரங்கத்துக்குச் சராசரியாக 2 கோடி டாலர் என்று வகுத்துப் பார்த்தால், பணக்கார வாரிசு யாரும் இல்லாத சுரங்கங்களின் நிலை என்ன என்பதை ஊகிக்கலாம்.

நிறுவனமே இருந்தும் சுரங்கம் மூடப்படாமல் இருக்க முடியுமா?

முடியும். விலை ஏறினால் மறுபடி திறப்போம் என்று சொல்லி, சுரங்கத்தைத் 'தற்காலிக நிறுத்தம்' என்ற நிலையில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. நியூ மெக்சிகோவின் டெய்லர் மலைச் சுரங்கத்தில் 1990-இல் வேலை நின்றது. அதை மூடுவதென்ற முடிவுக்கு உரிமையாளர் வருவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. கொலராடோவில் இத்தகைய நிறுத்தத்துக்குப் பத்து ஆண்டு உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பு வெறும் பேச்சல்ல என்பதை 2019-இல் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 'வான் 4' என்ற யுரேனியம் சுரங்கத்தைப் பற்றிய வழக்கில் உறுதிசெய்தது. சட்டம் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது: கைவிடப்பட்ட சுரங்கம் ஒரே நாளில் கைவிடப்படுவதில்லை.

மாநிலச் சட்டம் பழங்குடி நிலத்தில் செல்லுமா?

பொதுவாகச் செல்லாது. நவாஹோ தேசத்துக்குத் தனிச் சட்டமன்றமும் தனிச் சுற்றுச்சூழல் முகமையும் உள்ளன, கூட்டாட்சி அரசோடு அது நேரடியாகவே பேசுகிறது. ஆனால் தண்ணீருக்கும் தூசிக்கும் எல்லைக்கோடு தெரியாது. மேலும், சீரமைப்பின்போது எடுக்கப்படும் மண் எல்லையைக் கடந்து மாநில அதிகாரத்துக்குட்பட்ட நிலத்துக்கு வரக்கூடும். கலந்து பேச வேண்டும் என்று சட்டம் வற்புறுத்துவது இந்தக் காரணத்தால்தான்.

சுத்தம் செய்வது என்றால் உண்மையில் என்ன செய்கிறார்கள்? அந்த மண் எங்கே போகிறது?

யுரேனியத்தை அழிக்க முடியாது. இடம் மாற்றலாம், மூடலாம், அவ்வளவுதான். முதலில் காமா கதிர் அளவி கொண்டு நிலத்தைக் கட்டம் கட்டமாக அளக்கிறார்கள். மண்ணில் ரேடியம் எவ்வளவு என்று பார்த்து, அந்த வட்டாரத்தின் இயற்கை அளவோடு ஒப்பிட்டு, எவ்வளவு ஆழம் சுரண்ட வேண்டும் என்று தீர்மானிக்கிறார்கள். பிறகு அந்த மண்ணை ஓரிடத்தில் குவித்து, ரேடான் கசியாமலும் மழைநீர் இறங்காமலும் களிமண், பாறை முதலிய அடுக்குகளால் மூடி, மேலே புல் வளர்த்து, காலத்துக்கும் கண்காணிக்க வேண்டும்.

அந்த ஓரிடம் எது என்பதில்தான் எல்லாம் சிக்கிக்கொள்கிறது. சர்ச் ராக் அருகே ரெட் வாட்டர் பாண்ட் சாலைக் குடியிருப்பு இரண்டு பழைய சுரங்கங்களுக்கு இடையில் இருக்கிறது. அவற்றுள் ஒன்றான வடகிழக்கு சர்ச் ராக் சுரங்கத்தின் கழிவை, பக்கத்தில் உள்ள பழைய ஆலையின் கழிவுத் தேக்கத்தின் மேலேயே கொண்டுபோய் வைப்பது என்று 2013-இல் முடிவாகி, அதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதல் 2023-இல் கிடைத்தது. ஏறத்தாழ பத்து லட்சம் கன கெஜ மண்ணை ஒரு மைலுக்கும் குறைவான தூரத்துக்கு நகர்த்தும் அனுமதிக்கு மட்டும் பத்து ஆண்டுகள். மற்றொன்றான கிவிரா சுரங்கத்தின் கழிவைத் தோரோ ஊருக்கு அருகே ரெட் ராக்ஸ் குப்பைக் கிடங்குக்கு அனுப்பும் முடிவு 2025 ஜனவரியில் எடுக்கப்பட்டது. கழிவு தங்கள் வீட்டு வாசலிலிருந்து போவதை ஓர் ஊர் வரவேற்றால், அது வந்துசேரும் ஊர் அஞ்சுவது இயல்புதான். இரண்டு ஊர்களையும் குறை சொல்ல முடியாது. மாநிலத்துக்குள் குப்பைக் கிடங்குகளை மேற்பார்வையிடுவது மாநிலச் சுற்றுச்சூழல் துறை என்பதால், பழங்குடி நிலத்தில் தொடங்கிய கேள்வி இப்படித்தான் மாநிலத்தின் மேசைக்கு வருகிறது.

ஒருமுறை சீரமைத்த இடம் மீண்டும் பிரச்சினை ஆகுமா?

ஜாக்பைல் சுரங்கமே சாட்சி. 1986-இல், அதைத் தோண்டிய அனகோண்டா நிறுவனம் 4 கோடி டாலருக்குச் சற்று அதிகமான தொகையை லகுனா புவெப்லோவிடம் கொடுத்துப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டது. 1989 முதல் 1995 வரை குழிகளை நிரப்பிச் சீரமைத்தார்கள். ஆனாலும் நீரில் மாசு தொடர்ந்ததால்தான் 2013-இல் அது சூப்பர்ஃபண்ட் பட்டியலுக்குப் போயிற்று. மிலான் ஊருக்கு அருகே உள்ள ஹோம்ஸ்டேக் ஆலையின் கதையும் இதற்குத் தொலைவில் இல்லை. 2 கோடியே 20 லட்சம் டன் ஆலைக் கழிவுக்குக் கீழே மாசடைந்த நிலத்தடி நீரைப் பல பத்தாண்டுகளாக இறைத்துச் சுத்திகரித்த பின்னரும், பக்கத்துக் குடியிருப்புகளின் வீடுகளை நிறுவனம் விலைக்கு வாங்கும் நிலைதான் வந்தது.

சுரங்கத் தொழிலாளர்களுக்கான இழப்பீடும் இந்தச் சட்டத்தில் வருமா?

வராது. அது 1990-ஆம் ஆண்டின் கதிர்வீச்சு இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வரும் கூட்டாட்சித் திட்டம். தகுதியுள்ள யுரேனியத் தொழிலாளர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கிடைக்கும். 1971 வரை வேலை செய்தவர்களுக்கே உரியதாக இருந்த அது 2024 ஜூனில் காலாவதியாகி, 2025 ஜூலையில் புதுப்பிக்கப்பட்டது. இப்போது 1990 இறுதி வரை வேலை செய்தவர்களையும் அது உள்ளடக்குகிறது.

புதிய யுரேனியம் சுரங்கங்களை இந்தச் சட்டம் தடுக்கிறதா?

தடுக்கவில்லை. நவாஹோ தேசம் 2005-இல் தன் நிலத்தில் யுரேனியம் எடுப்பதையும் பதப்படுத்துவதையும் தன் சட்டத்தால் தடைசெய்தது. மாநிலச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. டெய்லர் மலையைச் சுற்றிப் புதிய சுரங்கத் திட்டங்கள் பேசப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அவற்றுக்குப் பொருந்துவது 1993-ஆம் ஆண்டுச் சட்டம். புதிதாகத் திறக்கும் சுரங்கம், மூடப்பட்ட பிறகு முடிவில்லாத பராமரிப்பு எதுவும் தேவைப்படாத வகையில் அமைக்கப்பட வேண்டும் என்று அது நிபந்தனை விதிக்கிறது. விண்ணப்பம் செய்யும் நிறுவனம் அந்த நிபந்தனையை நிறைவேற்றும் வழியை எழுத்தில் காட்டி, அதற்குரிய உத்தரவாதத் தொகையையும் கட்டினால்தான் அனுமதி கிடைக்கும்.